பள்ளிக்கூடமும் அறச்சாலையும்

அறம் செய்வதற்குரிய இடம் எது என்ற கேள்வி, அறம் எது என்ற கேள்வியைக் காட்டிலும் சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் நம் தேசத்தின் சரித்திரத்தை நிதானமாகப் புரட்டிப் பார்ப்பவருக்கு, பசித்தவனுக்குச் சோறும் பிணியாளனுக்கு மருந்தும் அறியாதவனுக்கு எழுத்தும் எந்த வாசலில் வைத்துக் கொடுக்கப்பட்டனவோ, அந்த வாசலைப் பொறுத்தே அவை யாருக்குக் கிடைத்தன, யாருக்குக் கிடைக்காமற் போயின என்பது தீர்மானமாயிற்று என்ற உண்மை புலப்படாமற் போகாது. கொடுப்பவருடைய கருணை எவ்வளவு விசாலமானதாக இருந்தாலும், அவர் நின்று கொடுக்கும் படியில் ஏற அனுமதி இல்லாதவனுக்கு அந்தக் கருணையால் பிரயோஜனமில்லை. ஆகவே, அரசாங்கப் பள்ளிக்கூடத்தை வைத்தியம், ஆகாரம், முதியோர் கல்வி, ஆபத்துக் காலத்துப் புகலிடம் ஆகிய ஊர்க் காரியங்கள் பலவற்றுக்கும் மைய ஸ்தானமாக்கலாமா என்று இக்காலத்தார் விவாதிக்கும்போது, அதைக் கட்டடத்தையும் செலவையும் பற்றிய நிர்வாக விஷயமாக மட்டும் என்னால் கருத முடியவில்லை. அது தர்ம விசாரணைக்கு உரிய விஷயம் என்பதே என் அபிப்பிராயம்.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரத்தில், ஆரணியாறு வந்து கலக்கும் பழவேற்காடு ஏரியின் தென்கரையில் நின்று பார்த்தால், இக்கேள்விக்குக் காலம் அளித்து வந்த விடைகள் பலவும் ஒரே ஊருக்குள் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். செம்பாறைக் கல்லால் எழுந்த ஆதிநாராயணப் பெருமாள் கோயில் ஒருபுறம். போர்ச்சுகீசியர் காலத்தில் வேரூன்றிய மகிமை மாதா தேவாலயம் ஒருபுறம். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வாழும் முஸ்லிம் குடும்பங்களின் பள்ளிவாசல்கள் ஒருபுறம். இவற்றுக்கு நடுவே, 1613இல் ஒல்லாந்தர் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டையின் எஞ்சிய மேடும், அவர்களுடைய சித்திர வேலைப்பாடு மிக்க கல்லறைகளும். வணிகத்தில் செழித்த இதே துறையிலிருந்துதான் 17ஆம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில், பசி தாளாமல் தம்மையும் தம் மக்களையும் விற்கும்படி நேர்ந்த ஏழைகள், ஒல்லாந்தரின் கப்பல்களில் அடிமைகளாக ஏற்றப்பட்டு, இன்று ஜகார்த்தா எனப்படும் படேவியாவுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். தெய்வ சந்நிதிகளுக்குக் குறைவில்லாத ஒரு நாட்டில், மனிதனை அவனுடைய பசிக்கு ஈடாக விலைக்கு எடுப்பவனுக்கு எதிரே நின்று, 'இவனுக்குச் சோறு இங்கே உண்டு, விட்டுவிடு' என்று சொல்லக்கூடிய பலம் எந்த வாசலுக்கும் அன்று போதவில்லை என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இவ்வேரியில் மீன்பிடித்து ஜீவிக்கும் குப்பங்களுக்குத் தர்மம் புதிதன்று. வெளியூரார் பலர் கேள்விப்பட்டிராத 'பாடு' என்னும் முறை இங்கே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஏரியின் எல்லாப் பகுதியிலும் இறால் ஒரே மாதிரி விழுவதில்லை. முகத்துவாரத்தை அடுத்து, கடல்நீர் ஏறி இறங்கும் ஓட்டத்தில் உள்ள சில இடங்களிலேதான் மிகுதியாக விழும். அவ்விடங்களைப் பலசாலிகளும் பணக்காரர்களும் கைப்பற்றிக்கொள்ளாதபடி, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊரார் முறை வைத்துப் பங்கிட்டு, எவருக்கு எந்த இடம், எந்த நாள் என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்துக் கொள்கிறார்கள். நேற்று நல்ல பாட்டில் வலை வைத்தவன் இன்று ஒதுங்கி நிற்க வேண்டும். இன்று வெறுங்கையோடு திரும்பியவனுக்கும் நாளை ஒரு முறை உண்டு. பெயரிலேயே மாதாவைத் தாங்கிய ஊரும், அம்மனையும் பெருமாளையும் கும்பிடும் ஊர்களும் ஒரே ஏற்பாட்டுக்குள் அடங்கி நடக்கின்றன. உழைப்பினால் மட்டும் ஐசுவரியம் வருவதில்லை, நீரோட்டமும் காற்றும் அதிர்ஷ்டமும் சேர்ந்தே வருகின்றன; ஆகையால் அதிர்ஷ்டத்தையும் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொள்வதே நியாயம் என்ற உயர்ந்த கருத்து, எந்த சாஸ்திர கிரந்தத்தையும் ஆதாரமாகக் காட்டாமலே, ஈர மணலில் போடப்படும் இந்தச் சீட்டில் அடங்கியிருக்கிறது. நம் தத்துவ ஆசிரியர்கள் இதைக் கவனியாமல் விட்டது ஒரு நஷ்டமே.

ஆனால் இப்பாட்டுக்கு ஓர் எல்லை உண்டு. அதில் பங்கு பெறுகிறவர் 'தலைக்கட்டு' என்று கணக்கில் ஏறியவர். ஊரில் பிறந்து, விவாகமாகி, ஊர் வரி கொடுத்து, ஊர்ப் பஞ்சாயத்துக்குக் கட்டுப்பட்ட ஆண்மகன். ஏரி சிறுத்துக்கொண்டே வருகிற காலத்தில், முகத்துவாரம் மணல் மூடி நீரோட்டம் தடைப்படுகிற காலத்தில், தொழில் உரிமைக்கு ஒரு வரம்பு இருப்பதை நான் குறைகூற மாட்டேன். வரம்பே இல்லாத ஏரியில் ஒருவருக்கும் இறால் மிஞ்சாது. என்னைக் கலங்கச் செய்வது வேறு. தொழிலுக்கென்று கீறிய அந்தக் கோடு, தொழிலோடு நில்லாமல், திருவிழாச் சோற்றுக்கும் ஊர்ப் பொதுப்பணத்துக்கும் ஆபத்துக் காலத்து நிவாரணத்துக்கும் நீண்டுவிடுகிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கிய பின்பு, தமிழகத்தின் பல குப்பங்களில் நிவாரணப் பொருள்கள் தலைக்கட்டுக் கணக்கைப் பார்த்தே பங்கிடப்பட்டன என்பதும், அதனால் துணையற்ற விதவைகளும் தலித்துகளும் இருளரும் பல இடங்களில் விடுபட்டுப் போனார்கள் என்பதும் அந்நாளில் ஆராய்ந்தவர் பலர் எழுதிவைத்த செய்தி. இதைச் செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். கடலுக்குத் தம் மக்களைப் பறிகொடுத்துவிட்டு, தம்மவருக்குள் கடைசிப் பிடி அரிசியையும் சரியாகப் பிரித்துக்கொண்ட நேர்மையாளர்கள்; அவர்களுடைய நேர்மைக்கு அந்தக் கோட்டுக்கு வெளியே கண் செல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கோட்டுக்கு வெளியே இருப்பவர் யார் என்று அறிய விரும்புவோர், ஏரியின் ஆழமில்லாத பகுதிகளில் நீர் வடிகிற நேரத்தில் வந்து பார்க்க வேண்டும். இருளர் குலத்துப் பெண்கள் இடுப்பளவு சேற்று நீரில் வரிசையாகக் குனிந்து, வலையும் இல்லாமல் தோணியும் இல்லாமல், வெறுங்கைகளால் அடிச்சேற்றைத் துழாவித் துழாவி இறாலைப் பிடிப்பார்கள். இரண்டு கைகளுக்கும் வேலை இருப்பதால், பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருப்பார்கள்; மணிக்கணக்கில் வாய் திறந்து ஒரு வார்த்தை பேச முடியாது. இறாலின் கொம்பு குத்தியும், சேற்றில் புதைந்த கிளிஞ்சல் கிழித்தும் விரல் நுனிகள் வெடித்திருக்கும். இவர்களுக்குப் பாட்டில் சீட்டு இல்லை; கோயில் திருவிழாவில் வரி இல்லை, ஆகையால் மரியாதையும் இல்லை. ஆனால் இவர்களுடைய குழந்தை, பள்ளிக்கூடத்துக்கு வருகிற நாளில், தலைக்கட்டுக்காரர் வீட்டுக் குழந்தைக்குப் பக்கத்தில், அதே தரையில், அதே வரிசையில், அதே அளவுச் சோற்றுக்குத் தட்டை நீட்டி உட்காருகிறது.

குப்பங்களில் இத்தகைய இடம் வேறு உண்டா என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். ஏலக்கூடம் பொதுவானதுதான், ஆனால் அங்கே விலை பேசுகிறவனுக்கே குரல். படகுத்துறை பொதுவானதுதான்; ஆனால் படகு உள்ளவனுக்கே துறை. பிறப்பையும் வழிபாட்டையும் வரியையும் தொழிலையும் கேளாமல், ஊரில் இருக்கிறாய் என்ற ஒரே காரணத்துக்காக உள்ளே அழைக்கிற வாசல் அரசாங்கப் பள்ளிக்கூடத்தின் வாசல் ஒன்றே. முழுதும் அரசாங்கப் பணத்தால் நடக்கும் கல்விக்கூடத்தில் சமய போதனை கூடாது என்று நம் அரசியல் சாசனத்தின் 28ஆவது ஷரத்து விதித்திருப்பதைத் தெய்வத்துக்கு விரோதமான ஏற்பாடு என்று சிலர் நினைக்கிறார்கள். பெருமாளை வணங்கும் குழந்தையும், மாதாவை வணங்கும் குழந்தையும், ஐந்து வேளைத் தொழுகைக் குடும்பத்துக் குழந்தையும், குலதெய்வமான கன்னிமாரைக் கும்பிடும் இருளக் குழந்தையும் கூச்சமின்றி நுழையக்கூடிய ஓரிடத்தை அது காத்துக் கொடுத்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் தெய்வம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

நம் முன்னோரும் இதைத் தேடியவர்களே. காஞ்சிக்கு அருகே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்துச் சாசனம் ஒன்று பெருமாள் கோயிற் சுவரில் வெட்டப்பட்டிருக்கிறது. ஒரே கோயிலுக்குள் பாடசாலையும், மாணாக்கர் தங்கும் விடுதியும், 15 பேர் படுக்கக்கூடிய 'வீரசோழன்' என்ற பெயருடைய ஆதுலர் சாலையும் நடந்த விவரம் அதில் இருக்கிறது. வைத்தியன் ஒருவன், சல்லியக்கிரியை செய்பவன் ஒருவன், மருந்து அடுபவர்கள், சேமித்து வைக்கும் மருந்துகளின் பெயர்கள், மாணாக்கர் படுக்கப் பாய், இரவுக்கு விளக்கெண்ணெய், சனிக்கிழமை முழுக்குக்கு எண்ணெய் என்று ஒவ்வொன்றுக்கும் நெல் அளந்து வைத்திருக்கிறார்கள். கல்வியும் வைத்தியமும் ஆகாரமும் ஒரே கூரையின்கீழ் இருக்கவேண்டும் என்ற எண்ணம் மேனாட்டிலிருந்து வந்த நூதனம் என்று நினைப்போர் அந்தச் சுவரைப் பார்த்து வரலாம். ஆனால் அந்தப் பாடசாலை வேதமும் வியாகரணமும் ஓதியவர்களுக்கானது. அந்த ஆதுலர் சாலை கோயிலையும் பாடசாலையையும் சார்ந்தவர்களுக்கானது. ஏற்பாட்டில் குறைவில்லை, வாசல்தான் குறுகியது.

இதைவிட விரிந்த கற்பனை ஒன்று அதற்கும் முன்பே தமிழில் தோன்றியது. மணிமேகலை அமுதசுரபியைக் கையில் ஏந்திக்கொண்டு எங்கே சென்றாள்? தனவந்தர் வீட்டு முற்றத்திலும் தங்கவில்லை, தன் சமயத்தாரின் மடத்திலும் தங்கவில்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் குருடரும் முடவரும் ஆதரவற்றோரும் கூடிக் கிடந்த 'உலக அறவி' என்னும் பொது அம்பலத்திற்குச் சென்று பசி தீர்த்தாள். பின்பு சோழ மன்னன் வேண்டிய வரம் கேள் என்றபோது, அரசனுடைய சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தரும்படி கேட்டுப் பெற்றாள். அரசாங்கத்தின் கட்டடம் ஒன்று, அதன் பழைய உபயோகத்தினின்றும் விடுபட்டு, எல்லோருக்குமான அறத்தின் இருப்பிடமாக மாறக்கூடும் என்று நம் காப்பியக் கவி அன்றே கண்டார். 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, சாதியும் சமயமும் கேளாமல் பசித்தவர் யாவருக்கும் அடுப்பு மூட்டிய இராமலிங்க சுவாமிகளும் இந்த வழியில் நின்றவரே.

இங்கே பக்திமான் ஒருவர் என்னைத் தடுத்துக் கேட்கக்கூடும்: "கோயிலில் இடும் சோற்றில் அன்பு இருக்கிறது, மாதா கோயிலில் தரும் கஞ்சியில் ஜெபம் இருக்கிறது, நோன்புக் கஞ்சியில் இறையச்சம் இருக்கிறது. அரசாங்கச் சத்துணவில் என்ன இருக்கிறது? சம்பளத்துக்குச் சமைத்து, கணக்குக்காக இடுகிற சோறுதானே அது?" இக்கேள்வியை நான் அலட்சியம் செய்யத் துணியேன். ஆழிப்பேரலையின் மறுநாளே அடுப்பு மூட்டியவர்களில் சமயத் தொண்டர்கள் பலர் உண்டு. அரசாங்க இயந்திரம் அசைவதற்கு முன்பே அன்பு ஓடி வந்தது. இருந்தாலும், பெறுபவனுடைய இடத்தில் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். அன்னதானத்தில் கொடுப்பவருக்குப் புண்ணியம். பெறுபவருக்குச் சோறும், அதனோடு சேர்ந்து ஒரு கடனும். யார் கொடுத்தார் என்ற பெயர் கல்லில் இருக்கும், பந்தலில் இருக்கும், மின்விளக்கிலும் எழுதப்பட்டிருக்கும். 1982இல் விரிந்த சத்துணவிலும், 2022இல் தொடங்கிய காலைச் சிற்றுண்டியிலும் கொடுத்தவன் யார் என்று குழந்தை எவரையும் நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை. அது அக்குழந்தையின் பாத்தியதை. பலனை எதிர்பாராமல் கர்மம் செய்யவேண்டும் என்று கீதை தொடங்கி நம் ஞானிகள் யாவரும் கூறியதைத் தனிமனிதனால் முற்றிலும் சாதிக்க முடிவதில்லை. கொடுத்தவன் பெயரே தெரியாதபடி ஒரு சமூகம் முழுவதும் சேர்ந்து கொடுக்கிற கொடையில் அது பெருமளவு சித்தித்து விடுகிறது. அன்பை அங்கே கொண்டு சேர்ப்பது நம் கடமை. அதற்காக வாசலை மாற்றுவது முறையன்று.

ஆனால் வேறொரு அச்சம் இருக்கிறது. பக்திமானுடைய ஆட்சேபத்தைக் காட்டிலும் அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்வதர்மம் உண்டு. பள்ளிக்கூடத்தின் ஸ்வதர்மம் குழந்தைக்குக் கற்பிப்பது. புயல் எச்சரிக்கை ஏறிய இரவில் குப்பத்து மக்கள் மூட்டை முடிச்சுகளோடு அங்கே வந்து சேர்வதை நினைத்துப் பாருங்கள். பெஞ்சுகள் சுவரோரம் அடுக்கப்படுகின்றன. மேலே வளையத்தில் சேலை கட்டித் தொட்டிலாக்கி, கைக்குழந்தையைப் போட்டு ஆட்டுகிறாள் ஒரு தாய். கரும்பலகையில் முந்தின நாள் தேதியும், பாதியில் நின்ற ஒரு வகுத்தல் கணக்கும் அப்படியே இருக்கின்றன. தாழ்வாரத்தில் மூன்று கல் வைத்து மூட்டிய அடுப்பில் ஈர விறகு புகைகிறது. நனைந்த வலைகளின் வாடை அறை முழுவதும் நிறைந்திருக்கிறது. இதற்கு இடம் கொடுக்க மறுக்கும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமே அன்று. ஆயினும் புயல் தணிந்து, ஏரி அடங்கி, மக்கள் வீடு திரும்பிய பிறகும், நிவாரண மூட்டைகள் வகுப்பறையை அடைத்துக் கிடந்து, ஆசிரியர் பட்டியல் எழுதுவதிலும் கையொப்பம் வாங்குவதிலும் பொழுதைக் கழித்து, அந்த வகுத்தல் கணக்கு முடிக்கப்படாமலே நின்றுவிட்டால், ஊருக்குச் செய்த உபகாரத்தின் விலையைக் கொடுப்பது அந்த இருளக் குழந்தைதான். வசதியுள்ளவன் தன் பிள்ளையைப் பொன்னேரிக்குத் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிடுவான். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், மக்கள்தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கன்றி ஆசிரியரைக் கல்விக்குப் புறம்பான வேலைகளில் ஏவக்கூடாது என்று விதித்ததன் தர்மம் இதுவே. மைய ஸ்தானம் என்பதற்கு ஆசிரியர் தலையில் எல்லாச் சுமையையும் ஏற்றுவது என்று பொருள் கொள்வோமானால், அந்த யோசனையை இன்றே கைவிடுவது நல்லது.

அவ்வாறு பொருள் கொள்ள வேண்டிய அவசியமில்லை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சீமைக் கிராமங்களுக்குக் கல்வி அதிகாரியாக இருந்த ஹென்றி மாரிஸ், 1930இல் சாஸ்டன் என்ற ஊரில் கிராமக் கலாசாலை ஒன்றை நிறுவினார். பகலில் பிள்ளைகளுக்குப் பள்ளி. மாலையில் அதே கட்டடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பும் நூலகமும் ஊர்க் கூட்டமும். பிறப்பு முதல் முதுமை வரை மனிதன் வந்து போகிற இடமாகக் கல்விக்கூடம் இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. பொழுதைப் பிரித்தார், ஆட்களையும் பிரித்தார், கூரையை மட்டும் பொதுவாக வைத்தார். நமக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பழவேற்காடு அடங்கிய இதே திருவள்ளூர் மாவட்டத்தில், அக்காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த கடம்பத்தூரிலேதான், 1958இல், காமராஜர் முதலமைச்சராயிருக்கையில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாட்டு இயக்கத்தின் முதல் மாநாட்டைக் கூட்டினார். ஊரார் பெஞ்சும் கடிகாரமும் சுற்றுச்சுவரும் மதிய உணவுக்கு அரிசியும் கொண்டுவந்து, 'இது எங்கள் பள்ளி' என்று கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஊர் கொடுத்தது அன்றைய இயக்கம். ஊருக்குப் பள்ளிக்கூடம் கொடுப்பது அதன் மறுபாதி. அது இன்னும் எஞ்சி நிற்கிறது.

குப்பத்தில் அந்த மறுபாதி எப்படி இருக்கும்? பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்கும் தாலுகா கச்சேரிக்கும் படகேறி, பஸ் ஏறி, ஒரு நாள் பிழைப்பை இழந்து போகிற மக்களுக்கு, பள்ளி விட்ட பிறகு, வாரத்தில் குறித்த ஒரு மாலையில் நர்ஸும் மருந்தும் அங்கே இருக்கவேண்டும். சேற்றில் கைவிட்டு விரல் வெடித்த பெண்ணுக்கு மருந்து தடவிக் கட்டுவதற்கு ஒருவர் இருக்கவேண்டும். சாதிச் சான்றிதழும் உதவித்தொகை விண்ணப்பமும் எழுதிக்கொடுப்பவர் ஒரு நாள் வரவேண்டும். பெயரெழுதக் கற்காத தாய்மார்களுக்கு இரவு வகுப்பு நடக்கவேண்டும். ஜமிலாபாத்தில் பனையோலை முடையும் முஸ்லிம் பெண்களும் குப்பத்துப் பெண்களும் தாம் முடைந்ததைக் கொண்டுவந்து ஒரே திண்ணையில் வைத்து விலை பேச முடியவேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும் நாளில் தொழிலுக்குப் போகக்கூடாது என்ற அறிவிப்பும், புயல் அறிவிப்பும், எந்தக் கட்சிக்காரர் வாயிலாகவும் அல்லாமல், அந்தச் சுவரில் எல்லோரும் பார்க்கும்படி எழுதப்படவேண்டும். இவற்றைச் செய்கிறவர் ஆசிரியர் அல்லாத வேறு ஆட்களாக இருக்கவேண்டும். விடிந்தால் வகுப்பறை குழந்தைகளிடம் பெருக்கிச் சுத்தமாகத் திரும்ப வேண்டும்.

பழவேற்காட்டு ஊர்ப் பெரியவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. ஏரியில் அதிர்ஷ்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் வித்தையை அரசாங்கத்துக்கும் சாஸ்திரிகளுக்கும் முன்பே அறிந்தவர்கள் நீங்கள். திருவிழாவுக்கென்று ஊர்ப் பொதுப்பணத்தில் எடுத்து வைப்பதைப் போலவே, பள்ளிக்கூடத்தின் மாலை விளக்குக்கும் குடிநீருக்கும் காவலாளுக்கும் ஆண்டுதோறும் ஒரு பங்கு எடுத்து வையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் முக்கால் பங்கும், பெண்கள் பாதிக்குக் குறையாமலும், நலிந்த பிரிவினர் தம் தொகைக்கு ஏற்பவும் இருக்கவேண்டும் என்பது சட்டம். அந்தக் குழு கூடும் நாளில் ஓர் இருளத் தாயை அழைத்துவந்து, உங்களுக்குச் சமமான நாற்காலியில் உட்கார வைத்து, முதலில் அவளைப் பேசச் சொல்லுங்கள். அந்த வாசலில் மட்டும் தலைக்கட்டுக் கணக்கைக் கேளாதீர்கள்.